ஸ்பீடு டெஸ்ட் நன்றாக இருக்கிறது, கேம் மட்டும் ஏன் அறுந்து போகிறது?

யூடியூப் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது, ஆனால் கேமுக்குள் போனால் அவ்வப்போது நம் ஆள் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுகிறான், திரை மீண்டும் அசையும்போது செத்துக் கிடக்கிறான். ஒரே இணைப்பில் இது எப்படி நடக்கிறது? வீடியோ அடுத்த பல விநாடிகளுக்கான காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், நடுவில் 3 விநாடி லைன் போனாலும் நமக்குத் தெரியாது. எதிரி அடுத்து எங்கே ஓடப்போகிறான் என்பதை யாரால் முன்கூட்டியே இறக்க முடியும்? விநாடிக்கு 64 முறை நிலவரம் அனுப்பும் சர்வர் என்றால் சுமார் 16 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட் (டேட்டாவின் சிறு துண்டு) வந்தாக வேண்டும், தாமதமாக வந்தால் அதனால் பயனில்லை. ஆகவே நாம் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, பாக்கெட் இழப்பையும் பிங் (ஒரு பாக்கெட் போய்ப் பதில் வர ஆகும் நேரம்) ஏறி இறங்குவதையும்தான்.

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால், எந்த இடத்தில் அறுகிறது என்று கண்டுபிடியுங்கள். இதை விட்டுவிட்டு டிரைவர், டிஎன்எஸ், விண்டோஸ் என்று ஒவ்வொன்றாக மாற்றுவது வீண் வேலை. இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கும் நிற்காமல் பிங் கமாண்டை ஓடவிட்டு, கேம் விளையாடுங்கள். அறுந்த நொடியில் இரண்டிலுமே பதில் நின்றிருந்தால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில், அல்லது அந்த இரண்டில் ஒன்றில். ரவுட்டர் 1, 2 மில்லிவிநாடியில் ஒழுங்காகப் பதில் சொல்ல, மற்றது மட்டும் நின்றால் மோடமோ வெளி லைனோ காரணம். டிரேஸ்ரூட் (பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் கமாண்ட்) போட்டுப் பார்ப்பவர்கள் நடுவில் வரும் நட்சத்திரக் குறிகளைக் கண்டு பயப்பட வேண்டாம், வழியில் இருக்கும் பல ரவுட்டர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை. இழப்பு கடைசிவரை தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வீட்டுக்குள்தான் கோளாறு என்றால் முதல் சந்தேகம் வைஃபை மேல். இதில் பலர் கவனிக்காதது யுஎஸ்பி 3. அந்த போர்ட்டில் டேட்டா பாயும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேடியோ இரைச்சல் கிளம்பும், இன்டெல் 2012-லேயே அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கேபினெட்டின் பின்பக்கம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்திலேயே வைஃபை டாங்கிளைச் செருகி, அதையும் மேசைக்கு அடியில் சுவரோரம் தள்ளி வைத்தால், சிக்னல் தகரப் பெட்டியையும் இரைச்சலையும் தாண்டி வர வேண்டும். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்தாலே பலருக்குச் சரியாகிவிடும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அங்கே ரேடார் இருக்கிறது: 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் சிக்னல் கேட்டதாகத் தோன்றினால் ரவுட்டர் உடனே சேனலைக் காலி செய்ய வேண்டும் என்பது பல நாடுகளில் விதி, அப்போது இணைப்பு அறுந்து போகலாம். 36 முதல் 48-க்குள் ஒரு சேனலை நிலையாக வைத்துவிடுங்கள். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் மின்சேமிப்பையும் அணைத்துவிடுங்கள்.

கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுவதே நல்லது. கேபிளிலும் அறுகிறது என்றால் லிங்க் வேகத்தை (கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் கேபிள் இணைந்திருக்கும் வேகம்) பாருங்கள். 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், திடீரென்று 100 காட்டினால் கம்பியோ முனையோ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வகை உண்டு. ஒரு பாக்கெட்கூடத் தொலையாமல் பிங் மட்டும் 20 மில்லிவிநாடியிலிருந்து சில நூறுக்கு எகிறும். வீட்டில் யாருடைய போனோ போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும், அப்லோட் பாதை நிரம்பி, கேம் பாக்கெட்டுகள் ரவுட்டருக்குள் வரிசையில் காத்துக் கிடக்கும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ரவுட்டரில் எஸ்கியூஎம் (இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால் அதை இயக்கி, அதில் வேக வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வையுங்கள்.

வெளி லைன்தான் காரணம் என்று தெரிந்தால், அறுந்த நேரங்களைக் குறித்து, இரண்டு ஜன்னல்களின் படத்தோடு சேவை நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே அறுந்திருப்பது அந்தப் படத்தில் இருக்கும், ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அனுப்பச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.