மூடிய டேப் எங்கே போகிறது?

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் எல்லைக்கு இரண்டு புறமும் நிலம் வைத்திருப்பவர்கள் உண்டு. டேப்லெட்டின் உலாவியில் ஒரு டேபில் பொள்ளாச்சி வட்டத்துப் பட்டா, அடுத்ததில் கேரள நிலவரி, இன்னொன்றில் தேங்காய் விலை. டேபை மூடும் குறியோ பொடியாக இருக்கும். விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் வேண்டிய டேப் போய்விடும்.

பதற வேண்டாம். குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு 'ரீசன்ட் டேப்ஸ்' போனால் அது இருக்கும். ஐபேட் சஃபாரியில் கூட்டல் குறியை அழுத்திப் பிடித்தால் மூடியவற்றின் பட்டியல் விரியும். மறைநிலையில் (இன்காக்னிட்டோ) திறந்ததை மட்டும் இப்படி மீட்க முடியாது. அதன் வரலாற்றை உலாவி எழுதிவைப்பதே இல்லை.

சரி, திரும்பி வருவது பழைய பக்கமேதானா? பெரும்பாலும் இல்லை. உலாவி குறித்துவைப்பது பக்கத்தின் முகவரி, தலைப்பு, முன்னும் பின்னும் போய்வந்த வரிசை, அதோடு சில விவரங்கள். மீட்கும்போது அந்த முகவரிக்கு மறுபடி போய்ப் பக்கத்தைப் புதிதாகக் கொண்டுவருகிறது. தேங்காய் விலைக்கு இதனால் நஷ்டமில்லை, புது விலையே கிடைக்கும். நிலவரிப் பக்கத்தில்தான் சங்கடம். நாம் உள்ளே நுழைந்திருக்கிறோம் என்ற கணக்கு அரசின் சர்வரில் இருக்கிறது. அதன் நேரம் தீர்ந்திருந்தால் மறுபடி ஓடிபி கேட்கும். படிவம் எளியதானால் அதில் தட்டியவை சில சமயம் மீளும். ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) மூலம் கட்டம் கட்டமாக உருவாகும் படிவத்தில் பெரும்பாலும் போனது போனதுதான்.

மூடாமலே இதே இழப்பு நேர்வதும் உண்டு. நினைவகம் குறைவான டேப்லெட்டில் ஓடிபி பார்க்க வேறு செயலிக்குப் போனால், பின்னால் நிற்கும் டேபின் இடத்தை இயங்குதளம் பிடுங்கிக்கொள்ளும். திரும்பி வந்தால் டேப் இருக்கும், பக்கம் முதலிலிருந்து ஏறும், படிவம் காலி. வயதானவர்கள் இதைத் தங்கள் தப்பென்று நினைத்து வருந்துவது எனக்குப் பொறுக்கவில்லை. அது கருவியின் நெருக்கடி. சர்வே எண்ணையும் தண்டப்பேர் எண்ணையும் (கேரளத்தில் நில உரிமையாளரின் வரிக்கணக்கு எண்) முன்பே குறிப்பில் எழுதிவைத்தால் ஒட்டிப்போடலாம்.

வரி கட்டும் நடுவில் டேப் மூடினால், மீட்டவுடன் மறுபடி பணம் செலுத்தாதீர்கள். டேப் போனாலும் வங்கிக்குப் போன கோரிக்கை தானாக ரத்தாவதில்லை. முதலில் கணக்கில் பணம் கழிந்ததா என்று பாருங்கள், அப்புறம் போர்ட்டலில் ரசீது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.