மும்பையைத் தீவாக்கும் ரிலேக்கள்

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை காலை 10 மணியளவில் மும்பையின் பெரும்பகுதியில் மின்சாரம் நின்றது. புறநகர் ரயில்கள் வழியிலேயே நின்றுவிட்டன. மருத்துவமனைகள் டீசல் ஜெனரேட்டர்களுக்கு மாறின. இன்னொரு இந்திய நகரில் இது ஒருநாள் செய்தியாக முடிந்திருக்கும். ஆனால், வெளியே மின்தொகுப்பு முழுவதும் சரிந்தாலும் மும்பையை மட்டும் துண்டித்துத் தனியாக இயங்கவைக்கும் ஓர் ஏற்பாடு 1981 முதலே அங்கு இருந்துவந்தது. பொறியாளர்கள் இதைத் தீவாக்கம் என்பார்கள். அந்தக் காலையில் அந்த ஏற்பாடு கைகொடுக்கவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய அதிர்வெண்ணிலிருந்து தொடங்க வேண்டும். இந்திய மின்தொகுப்பு 50 ஹெர்ட்ஸில், அதாவது மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலையும் வேகத்தில் இயங்குகிறது. உற்பத்தியும் நுகர்வும் நொடிக்கு நொடி சமமாக இருக்கும்வரைதான் அந்த எண் நிற்கும். உற்பத்தி திடீரெனக் குறைந்தால், மேடு வந்ததும் மிதிவண்டியின் வேகம் தளர்வதைப் போல, சுழலும் ஜெனரேட்டர்கள் அனைத்தும் சேர்ந்து வேகம் இழக்கின்றன, அதிர்வெண் இறங்குகிறது. ஏறக்குறைய 47.5 ஹெர்ட்ஸை நெருங்கினால் நீராவி டர்பைனின் நீண்ட தகடுகள் அதிர்ந்து சேதமடையக்கூடும் என்பதால், அனல்மின் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். ஒன்று நின்றால் பற்றாக்குறை கூடும், அடுத்ததும் நிற்கும். 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் இப்படித் தொடர்ச்சியாகச் சரிந்ததில் சுமார் 60 கோடி பேர் வாழும் பகுதிகள் இருண்டன. தென்மண்டலம் அப்போது அந்தத் தொகுப்போடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படாதிருந்ததால் தமிழ்நாடு தப்பியது.

இந்தச் சரிவு நொடிக்கணக்கில் நடந்து முடிந்துவிடும் என்பதால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் தொலைபேசியை எடுப்பதற்குக்கூட அவகாசம் இருக்காது. ஆகவே முடிவு ரிலேக்களிடம், அதாவது அதிர்வெண் போன்ற அளவுகளைக் கண்காணித்துத் தாமாகவே இணைப்பைத் துண்டிக்கும் கருவிகளிடம் விடப்படுகிறது. அதிர்வெண் 49 ஹெர்ட்ஸை ஒட்டி இறங்கும்போது, துணைமின் நிலையங்களில் உள்ள ரிலேக்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த ஃபீடர்களை (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் விநியோகப் பாதைகளை) படிப்படியாகத் துண்டித்துச் சுமையைக் குறைக்கின்றன. அப்படியும் நிற்காமல் இறங்கினால், நகரை வெளியோடு இணைக்கும் பாதைகளையே ரிலேக்கள் திறந்துவிடுகின்றன. அதன்பின் நகரம் தனக்குள் இணைந்திருக்கும் நிலையங்களை மட்டுமே நம்பியிருக்க வேண்டும்: டிராம்பேயிலும் தஹானுவிலும் உள்ள அனல்மின் நிலையங்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் டாடா நிறுவனம் நடத்தும் பீரா, பிவ்புரி, கோபோலி நீர்மின் நிலையங்கள்.

தீவு பிழைக்க வேண்டுமானால் கணக்கு உடனே நேராக வேண்டும். எடுத்துக்காட்டாக, உள்ளே 900 மெகாவாட் உற்பத்தியும் 1,500 மெகாவாட் தேவையும் இருந்தால், துண்டித்த ஓரிரு நொடிகளில் 600 மெகாவாட் சுமையை உதற வேண்டும். எதை உதறுவது என்பதுதான் நிர்வாகத்தின் கேள்வி. மருத்துவமனை, ரயில், குடிநீர் நீரேற்று நிலையம் ஆகியவற்றைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும் என்று ஆணையில் எழுதுவது எளிது. ரிலேக்கு மருத்துவமனை தெரியாது, ஃபீடர்தான் தெரியும். மருத்துவமனைக்குச் செல்லும் அதே கேபிளில் நான்கு தெருக்களும் ஒரு வணிக வளாகமும் தொங்கிக்கொண்டிருந்தால், ஒன்று எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் அல்லது எல்லாவற்றையும் கைவிட வேண்டும். எனவே முன்னுரிமைப் பட்டியல் உண்மையில் தீர்மானிக்கப்படுவது, பல ஆண்டுகளுக்கு முன் கேபிள் பதித்த நாளில்தான். பகலில் 15 மெகாவாட் சுமக்கும் ஃபீடர் நள்ளிரவில் 5 மெகாவாட்தான் சுமக்கும் என்பதையும், கூரைச் சூரியத் தகடுகள் மிகுந்த ஃபீடரைத் துண்டித்தால் உற்பத்தியும் சேர்ந்து போகும் என்பதையும் கருதினால், அந்தப் பட்டியலை ஒருமுறை எழுதிப் பூட்டிவைக்க முடியாது என்பது விளங்கும்.

இதைத் திருத்திக்கொண்டே இருக்கும் பொறுப்பு ஒருவரிடம் இல்லை. உயரழுத்தப் பாதைகளில் பெரும்பகுதி மாநில மின்செலுத்துகைக் கழகத்துடையவை. விநியோகத்தை மும்பை மாநகராட்சியின் பெஸ்ட் நிறுவனம், டாடா, அதானி, மாநில விநியோக நிறுவனம் என நால்வர் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மாநிலச் சுமைப் பகிர்வு மையத்துக்குத் தருகிறது. கட்டணத்தையோ ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. இணையத் தாக்குதலிலிருந்து காக்கும் வேலைக்கு 2014இல் மத்திய அரசு தனி மையமே அமைத்தது. மும்பை மின்தடைக்குத் தீநிரல் (கணினிகளைக் கெடுக்கும் மென்பொருள்) காரணமாக இருக்கலாம் என்று மாநில அமைச்சர்கள் 2021 மார்ச்சில் கூறினர். மத்திய மின்துறை அமைச்சரோ மனிதத் தவறே காரணம் என்றார். விவாதம் முழுவதும் ஹேக்கர்களைச் சுற்றியே நடந்ததில் எளிய கணக்கொன்று பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பது என் எண்ணம்.

அந்தக் கணக்கு இதுதான். மும்பைக்கு மின்சாரம் வரும் வழியில், தானேயை ஒட்டிய கல்வா பகுதிக்கு வரும் 400 கிலோவோல்ட் பாதைகளில் சில ஏற்கெனவே பயன்பாட்டில் இல்லாதிருக்க, மிஞ்சியவையும் அடுத்தடுத்துத் துண்டிக்கப்பட்டன. நகரம் தனித்துவிடப்பட்ட நேரத்தில், உள்ளூர் உற்பத்தி தேவையைவிட மிகக் குறைவாக இருந்தது. வெளியிலிருந்து மலிவான மின்சாரம் கிடைக்கும்போது விலை கூடிய உள்ளூர் நிலையத்தைக் குறைந்த அளவில் ஓட்டுவது அல்லது நிறுத்திவைப்பது சட்டத்துக்கும் சிக்கனத்துக்கும் உட்பட்ட நடைமுறைதான். ஆனால் நின்றுபோன அனல்மின் அலகு மீண்டும் சூடேறி முழு வேகம் எடுக்கப் பல மணிநேரம் ஆகும். நீர்மின் அலகுகள் சில நிமிடங்களில் சுழலத் தொடங்கிவிடும். ஆகவே மீட்பும் அவற்றைக் கொண்டே தொடங்கியது.

அதன்பின் நவி மும்பையின் கார்கரிலிருந்து மும்பைக்குள் உள்ள விக்ரோலிக்கு 400 கிலோவோல்ட் பாதை அமைக்கப்பட்டு 2023இல் பயன்பாட்டுக்கு வந்தது. வெளியிலிருந்து வரும் மின்சாரத்துக்கு இன்னொரு வாசல் திறந்ததால் நகரம் துண்டிக்கப்படும் வாய்ப்பு குறைந்திருக்கிறது. அதே வாசல் வழியே மலிவான மின்சாரம் கூடுதலாக வருவதால், டிராம்பேயை ஓடவிட வேண்டிய வணிகக் காரணமும் குறைகிறது. என்றோ ஒரு நாள் தேவைப்படும் தீவுக்காக அந்த நிலையத்தை இன்று சூடாக வைத்திருக்க ஆகும் செலவை மின்கட்டணத்தில் சேர்க்கலாமா, சேர்த்தால் எவ்வளவு என்பதை ஒழுங்குமுறை ஆணையம்தான் முடிவு செய்தாக வேண்டும்.