இமை வெளுத்த ஆடும் 28 கோடி எழுத்தும்

செம்மறியின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பாருங்கள். உள்பக்கம் சிவந்திருந்தால் கவலையில்லை. வெளுத்திருந்தால், அதன் நான்காம் இரைப்பையில் புழுக்கூட்டம் ரத்தம் குடித்துக்கொண்டிருக்கலாம். ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கம்பளிக்குப் பேர்போன நீலகிரி இன ஆடுகள் மேயும் ஈரப் புல்தான் புழுவின் குஞ்சுகளுக்கும் ஏணி.

அதன் பெயர் ஹீமாங்கஸ் கன்டார்டஸ். பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். ரத்தம் நிறைந்த குடலை வெள்ளைக் கருப்பை சுற்றிக் கிடப்பதால் இருநிறக் கயிறு முறுக்கியதுபோல் தெரியும். நாளுக்கு 5,000 முட்டைக்கும் மேல் இடும்.

மருந்துக்கு அடங்காத புழுக்களை ஆராய்வோருக்கு ஆய்வகத்தில் இதுதான் முதல் தேர்வு. ஆனால் இதன் மரபணுத்தொகுதியை, அதாவது மொத்த டிஎன்ஏவையும், படிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. டிஎன்ஏவைத் துண்டு துண்டாகத்தான் படிக்க முடியும். பிறகு ஓரம் பொருந்தும் இடம் பார்த்துக் கோக்க வேண்டும். ஒரு புழுவின் டிஎன்ஏ போதாமல் பல புழுக்களைச் சேர்த்தார்கள். அங்கே வந்தது வினை. ஒரே நூலின் நூறு ஓலைப்பிரதிகளைக் கிழித்துக் கலந்துவிட்டால் எப்படி? இந்த இரண்டு துண்டும் ஒரே செய்யுளின் பாடபேதமா, வேறு செய்யுள்களா? புழுவுக்குப் புழு அவ்வளவு வேறுபாடு. உள்ளினக் கலப்பால் வேறுபாட்டைக் குறைத்த ஒரு வகையை வளர்த்தும், 2013இல் வெளியான இரண்டு வரைவுகளும் துண்டு துண்டாகவே நின்றன. நீண்ட துண்டுகளைப் படிக்கும் கருவிகள் வந்தபின், 2020இல்தான் ஆறு குரோமோசோம்களும் முழு வடிவம் பெற்றன: சுமார் 28 கோடி எழுத்துகள், அதாவது டிஎன்ஏவின் வேதி அலகுகள்.

கோப்பவர்களைப் படுத்திய அதே பாடபேதம்தான் மருந்தையும் தோற்கடிக்கிறது. அல்பெண்டசோல் என்னும் குடற்புழு மருந்து, புழுவின் பீட்டா டியூபுலின் என்னும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் நுண்குழாய்கள் உருவாகாமல் தடுக்கும். அப்புரதத்தின் 200ஆம் இடத்துக்கு டிஎன்ஏவில் உள்ள மூன்றெழுத்துக் குறி டிடிசி. நடு எழுத்து மாறி டிஏசி ஆனால் மருந்துக்குப் பிடி கிட்டாது. தாய்வழி, தந்தைவழிப் பிரதிகள் இரண்டிலும் மாறியிருந்தால் புழு தப்பிவிடும். கோடிக்கணக்கான முட்டைகளில் இப்படிச் சில இருக்காமலா போகும்?

மந்தை முழுவதற்கும் மருந்து புகட்டினால் மிஞ்சுவது அவைதான். அதனால் இப்போது இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். சிவந்த இமைக்காரியின் வயிற்றில் மருந்துக்கு மடியும் புழுக்கள் கொஞ்சம் பிழைத்திருக்கும். அவற்றின் குஞ்சுகளும் புல்லில் கலப்பதால், மருந்துக்குத் தப்பியவை மட்டுமே பெருகிவிடாது. புழுக்கையிலிருந்து குஞ்சுகளை வளர்த்தெடுத்து, அந்த ஓர் எழுத்து எத்தனையில் மாறியிருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்துவிடவும் முடிகிறது.