சோற்றை ஒதுக்கும் பிள்ளை: மனதும் மரபணுவும்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதினாறு வயதுப் பிள்ளை சோற்றை ஒதுக்கி ஒதுக்கி மெலிந்துகொண்டே போகிறாள் என்று வையுங்கள். வீட்டில் முதலில் கண்ணூறு கழிப்பார்கள். அதற்கும் சரிவராவிட்டால் கோடாங்கி. தோட்ட டிஸ்பென்சரியில் ரத்தம் பத்தாது என்று இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும். சாதாரண தரப் பரீட்சைப் பயம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். ரத்தக் குறைவும் பரீட்சைப் பயமும் சரியான காரணங்களாகவே இருக்கவும் கூடும். ஆனால் இது ஒரு மனநோயாக இருக்கலாம், அதற்கு உடம்புக்குள் பரம்பரையாக வந்த ஒரு வேரும் இருக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் சட்டென்று வராது.

வராததற்குக் காரணம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், இலங்கை முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தை மட்டும் எடுத்தால் அது 31.7 சதவீதம். இல்லாமையால் வாடியவர்கள் நிறைந்த இடத்தில், தட்டில் இருந்தும் உண்ண முடியாமல் வாடுகிறவள் கண்ணில் படமாட்டாள்.

மருத்துவம் இதை அனொரெக்ஸியா என்கிறது. அளவுமீறி உண்டுவிட்டு அதை வெளியேற்றத் துடிப்பது புலிமியா. இவை தனியாக வருவது குறைவு. மனச்சோர்வோ பதற்றமோ கூடவே வரும். அப்படியானால் எது முந்தியது? மனம் சோர்ந்ததால் சாப்பாடு இறங்கவில்லையா, சாப்பிடாததால் மனம் சோர்ந்ததா?

இதற்கு ஒரு பாதி விடையை 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் கண்டார். போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலிலும் மனதிலும் திடமானவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆறு மாதம் வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்தார்கள். உடல் எடையில் கால் பங்கு போயிற்று. அதை எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எதிர்பாராதது மனதில் நடந்தது. சிரித்துப் பேசியவர்கள் ஒதுங்கிப்போனார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்வில் மூழ்கினார்கள். பேச்செல்லாம் சாப்பாடு, சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்தவர்களும் உண்டு. தட்டை நக்கினார்கள், ஒரு கவளத்தை நெடுநேரம் வைத்து உண்டார்கள். மறுபடி வயிறாரக் கிடைத்த பிறகும் சிலர் நிறுத்தத் தெரியாமல் தின்றார்கள். மனம் தெளிய எடை ஏறியதைவிட அதிக காலம் பிடித்தது.

உணவுக் கோளாறு உள்ளவர்களிடம் நாம் 'குணம்' என்று நினைக்கும் பலவும் பட்டினி கிடக்கும் மூளையின் வேலை என்பதை இந்த ஆய்வு காட்டிவிட்டது. அதனால்தான் இன்றும் சிகிச்சையில் எடையை மீட்பதும் மனதைப் பேசிச் சரிசெய்வதும் சேர்ந்தே நடக்கின்றன. நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து. ரத்தத்தில் பொஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறலாம். ஆகவே அதை வைத்தியரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். "ரெண்டு நாள் நல்லாப் போட்டா சரியாகிடும்" என்பது இங்கே எடுபடாது.

சரி, மற்றப் பாதி? பட்டினி யாரையும் மாற்றும். ஆனால் சாப்பாட்டைக் குறைக்கிற எல்லாரும் அந்தப் பள்ளத்தில் விழுவதில்லையே. பரம்பரை வருவது இந்த இடத்தில்தான்.

பரம்பரையின் பங்கை அளக்க இரட்டையரைப் பார்ப்பது பழைய வழி. ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் முழுக்க ஒன்று. தனித்தனிக் கருவில் வந்தவர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் ஒன்று. இரு சாராரும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில் வளர்ந்தவர்கள். முதல் வகையினரிடம் ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கும் வருவது கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் மரபணுவின் கணக்கில் சேரும். இப்படிப் பார்த்ததில் மனச்சோர்வுக்கு ஏறக்குறைய 37 சதவீதமும், அனொரெக்ஸியாவுக்கு 50 முதல் 60 சதவீதமும், மனம் உச்சிக்கும் பாதாளத்துக்கும் மாறிமாறிப் போகும் இருமுனை நோய்க்கு இன்னும் கூடுதலாகவும் வந்தன.

இந்தச் சதவீதத்தைத்தான் எல்லாரும் தவறாகப் படிக்கிறார்கள். 'அவளுடைய நோயில் பாதி அம்மா அப்பா கொடுத்தது' என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்காள் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதே கணக்கு. கூட்டம் மாறினால் கணக்கும் மாறும். உயரத்தையே எடுங்கள். எல்லாரும் வயிறார உண்ணும் நாடுகளில் உயர வேறுபாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபணுவால். தோட்டத்தில் அதே உயரத்தைத் தாயின் ரத்தசோகையும், ஒழுங்கான கழிவறை இல்லாததால் வரும் வயிற்றோட்டமும், மாதக் கடைசியில் ரொட்டியும் சம்பலுமாகச் சுருங்கும் சாப்பாடும் பிடித்து அமுக்குகின்றன. மரபணு அப்படியே இருக்கிறது, அதன் பங்கு மட்டும் குறைகிறது.

மனச்சோர்விலும் இது உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பேராசிரியர் அதுல சுமதிபால முன்னின்று, கொழும்பு மாவட்டத்தில் சுமார் 4,000 இரட்டையரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. பெண்களின் மனச்சோர்வில் மரபணுவின் பங்கு பெரிதாகத் தெரிந்தது. ஆண்களிடம் சூழலின் கை ஓங்கியிருந்தது. அதே ஆய்வைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தில் நடத்தினால் என்ன வரும் என்று அறிய எனக்கு ரொம்ப ஆசை.

எந்த மரபணு என்ற கேள்விக்கு இரட்டையரால் விடை தர முடியாது. தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ஊகத்தில் தேடினார்கள். மனநிலையோடு, மூளையில் செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருளுக்குத் தொடர்பு உண்டு, ஆகவே அதைக் கையாளும் மரபணுவைப் பார்ப்போம் என்பது அவர்கள் கணக்கு. 2003இல் நியூசிலாந்து இளைஞர்களிடம் செய்த ஆய்வு ஒன்று, அந்த மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கையில் அடிபட்டால் எளிதில் சோர்ந்துபோகிறார்கள் என்றது. அழகான கதை. நூற்றுக்கணக்கான ஆய்வுகள் அதன் பின்னே ஓடின. 2019இல் லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்துச் சோதித்தபோது, அதுவும் சேர்த்துப் புகழ்பெற்ற 18 மரபணுக்கள் எழுந்தமானமாக எடுத்த வேறு மரபணுக்களைவிட ஒன்றும் மேலில்லை என்று தெரிந்தது. இன்றும் 'சோக மரபணு கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால் நம்பாமல் தள்ளிவிடலாம்.

இப்போதைய முறையில் ஊகம் இல்லை. நோயுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில், இல்லாதவர்கள் அதைவிடக் கூடுதலாக, எல்லாரிடமும் எச்சிலோ ரத்தமோ வாங்கி, டி.என்.ஏ.யில் லட்சக்கணக்கான இடங்களில் எந்த எழுத்து இருக்கிறது என்று வரிசையாக ஒப்பிடுகிறார்கள். நோயுள்ளவர்களிடம் ஓர் எழுத்து கொஞ்சம் கூடுதலாகத் தென்பட்டால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றின் வலிமையும் மிகச் சொற்பம். ஒரு கொழுந்துக்குத் தராசு அசையாது. கூடை நிறைந்தால் கிலோக்கணக்கு. நோய்க்கான சாய்வும் அப்படித்தான் சேர்கிறது.

2019இல் சிந்தியா பூலிக்கும் பல நாட்டு ஆய்வாளர்களும் அனொரெக்ஸியா உள்ள 16,992 பேரை இப்படி அலசி எட்டு இடங்களைக் கண்டார்கள். எட்டு என்பதைவிட அவை காட்டிய திசைதான் முக்கியம். மனச்சோர்வு, பதற்றம், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் நோய் ஆகியவற்றோடு மரபணு உறவு இருந்தது, அதை எதிர்பார்த்தார்கள். கூடவே இன்சுலின், கொழுப்பு, உடல் எடை ஆகியவற்றின் மரபணுக்களோடும் உறவு தெரிந்தது. அதாவது இது மனநோய் மட்டுமல்ல, உடல் சக்தியைச் செலவிடும் முறையிலும் வேரூன்றிய நோய். மற்றவர்களின் உடல் எடை குறைந்ததும் பசியெடுத்து மீளப் பார்க்கிறது. இவர்களின் உடல் அப்படி இழுத்துப் பிடிப்பதில்லை போலும்.

இதன் ஒரு கண்ணி லெப்டின். 1994இல் கண்டறியப்பட்ட இந்த ஹோர்மோனைக் கொழுப்புச் செல்கள் சுரக்கின்றன. கொழுப்பு கரைந்தால் லெப்டின் விழும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு மாதவிடாயை நிறுத்தும். எலிகளுக்கு நாளில் கொஞ்ச நேரமே உணவும், ஓடுவதற்கு ஒரு சக்கரமும் கொடுத்தால் விபரீதம் நடக்கிறது. அவை உண்பதைவிட ஓடுகின்றன. மெலிய மெலிய இன்னும் ஓடுகின்றன. தடுக்காவிட்டால் செத்தே போகும். லெப்டினைக் கொடுத்தால் அந்த ஓட்டம் அடங்குகிறது. மெலிந்த பிள்ளை உட்காராமல் வேலை செய்துகொண்டே இருப்பதை 'நல்ல சுறுசுறுப்பு' என்று மெச்சுவதற்கு முன் இந்த எலிகளை நினைக்கலாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹேபெப்ராண்டும் சகாக்களும் 2020இல் ஒருசில நோயாளிகளுக்கு லெப்டின் மருந்து கொடுத்தபோது, சில நாட்களில் மனச்சோர்வே குறைந்ததாக எழுதினார்கள். கைவிரலில் எண்ணக்கூடிய ஆட்கள்தான். முடிவாகச் சொல்ல முடியாது.

சூழல் சும்மா நிற்பதில்லை. பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மூன்றே ஆண்டில், மெலிவதற்காக வாந்தி எடுப்பதாகச் சொன்ன பள்ளி மாணவிகள் பூச்சியத்திலிருந்து 11.3 சதவீதமானார்கள். மரபணு மூன்று ஆண்டில் மாறாது. நம் பிள்ளைகள் கையில் இப்போது போன் இருக்கிறது.

ஆனால் எல்லா ஊரிலும் ஒல்லி ஆசைதான் காரணம் என்று நினைத்துவிடவும் கூடாது. ஹொங்கொங்கில் சிங் லீ என்ற மருத்துவர் 1990களில் கண்ட நோயாளிகள் பலர் குண்டாகிவிடுவோம் என்று பயப்படவே இல்லை. "வயிறு நிரம்பியிருக்கு, உப்பிப்போய் இருக்கு, பசிக்கல" என்றுதான் சொன்னார்கள். லயத்தில் ஒரு பிள்ளையும் ஏறக்குறைய இதையேதான் சொல்வாள், நாம் ஓம வாட்டர் கொடுப்போம். மாதக்கணக்கில் இப்படி இருந்தால், மாதவிடாயும் நின்றிருந்தால், டிஸ்பென்சரியோடு நிற்காமல் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் பேசலாம். இளம்பிள்ளைகளுக்குப் பலன் தரும் சிகிச்சைகளில் முன்னே நிற்பது, பெற்றோரையே சாப்பாட்டுப் பொறுப்பில் இருத்தும் குடும்பச் சிகிச்சை. அதில் யார்மீதும் பழி சுமத்துவதில்லை.

இனி இத்தகைய மரபணு ஆய்வுகளில் விடுபட்டவர்கள் விஷயம். 2025 ஜனவரியில் வந்த பெரிய மனச்சோர்வு ஆய்வு, 29 நாடுகளில் நோயுள்ள 6,88,808 பேரிடமிருந்து ஏறக்குறைய 700 மரபணு மாற்றங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் சுமார் 100, ஆபிரிக்க, ஆசிய, ஹிஸ்பானிய வம்சாவளியினரைச் சேர்த்துக்கொண்டதால் மட்டுமே தெரியவந்தவை. இப்படிப்பட்ட மாற்றங்களைக் கூட்டி ஒருவரின் நோய்ச் சாய்வைக் கணிக்க, ஐரோப்பியரை வைத்துச் செய்த மதிப்பெண் நம்மவர்களுக்குப் பொருந்துவது குறைவு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வரத் தொடங்கி, மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடித்துவந்த ஒரு சமூகத்தில், அரிதான மாற்றம் இரு பக்கத்திலிருந்தும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். ஆய்வுக்கு அது புதிதாக எதையும் காட்டக்கூடும். எச்சில் வாங்குவது ஐந்து நிமிட வேலை. யாருக்கு நோய் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான கேள்வித்தாள் 'குண்டாகப் பயமா' என்று மட்டும் கேட்டால், வயிறு உப்பியிருக்கிறது என்கிற பிள்ளை நோயில்லாதவர்கள் பட்டியலில்தான் சேருவாள்.