வேட்டைநாயின் கல்லில் ராஜாதித்தனின் மரணம்

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் செந்நிறச் சுவர்களோடு நிற்கும் அரசு அருங்காட்சியகம் 1865-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்முயற்சி எடுத்த எட்வர்ட் பால்ஃபர், சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராகவும் இருந்தவர். சிற்பங்கள், நாணயங்கள், பானைகள் என்று அங்கே பலவும் இருந்தாலும், தமிழர்கள் முதலில் தேடிப் போக வேண்டியது ஆதகூர் கல்லைத்தான் என்பேன்.

மண்டியா மாவட்டத்திலிருந்து வந்த கல் அது. மேலே ஒரு வேட்டைநாயும் காட்டுப்பன்றியும் மோதிக்கொள்கின்றன. சுற்றிலும் பழைய கன்னட எழுத்துகள். கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன், போரில் காட்டிய திறமைக்குப் பரிசாக அரசனிடம் கேட்டு வாங்கியது காளி என்ற நாயை. பன்றியோடு பொருது காளியும் பன்றியும் சேர்ந்தே இறந்தன. காளிக்காக மணலேரன் நட்ட நடுகல்லில் தக்கோலப் போரும் பதிவாகியிருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்து நின்று, கிருஷ்ணன் பக்கம் போரிட்ட பூதுகன் கையால் மாண்டான் என்கிறது கல். நாய்க்கு எடுத்த கல்லில் ஒரு சோழ இளவரசனின் முடிவு!

ஆயிரம் ஆண்டுக்கு மேல் தேய்ந்த எழுத்தை எப்படிப் படிக்கிறார்கள்? நேராக வெளிச்சம் விழுந்தால் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில், கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் கதை மாறும். ஒளி 10 பாகைச் சாய்வில் வரும்போது நிழல், அதை விழச் செய்யும் விளிம்பின் உயரத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீளும். அதனால் ஆழமில்லாத கீறலும் முழுக்க நிழலால் நிரம்பி எழுத்தாக எழும்.

அதைத் தாளில் பிடிப்பதுதான் மைப்படி. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டுவார்கள். ஈரத்தில் இளகிய தாளின் நார்கள் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கும். தாள் பாதி காய்ந்ததும் மேலே மை ஒற்றினால், மேடான இடம் கறுக்கும். பள்ளத்தில் மை படாது. கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக நிற்கும். நாணயத்தின்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்க்கும் பிள்ளைகள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். மை வெளிப்பக்கத்தில் இருப்பதால் உரித்தெடுத்த பிறகும் எழுத்து இடவலம் மாறாது.

எழுத்து கிடைத்துவிட்டால் போதாது, காலத்தையும் சரிபார்க்க வேண்டும். ஆதகூர் கல் பழைய ஆண்டுக் கணக்கான சக ஆண்டில் 872 என்கிறது. கூடவே சௌமிய ஆண்டு என்றும் சொல்கிறது. நம் பஞ்சாங்கத்தில் இன்றும் இருக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சியின் 43-ஆவது பெயர் அது. 1969-ல் வந்த சௌமியவிலிருந்து பதினேழு சுற்று பின்னால் போனால் 949. சக ஆண்டை நம் ஆங்கில ஆண்டாக்க 78-ஐக் கூட்டினால் 950 வருகிறதே என்றால், 872 என்பது முடிந்த ஆண்டு அல்ல, நடந்துகொண்டிருந்த ஆண்டு, ஒன்று குறையும். இப்படி இரண்டு கணக்கும் பொருந்தும்போதுதான் தேதியை நம்புகிறார்கள். 949-ல் தக்கோலப் போர் என்று நாம் படிப்பதற்கு முதன்மையான ஆதாரம் இந்தக் கல்.

எதிர்த்தரப்புச் சாட்சியும் உண்டு. சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு, ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே கிருஷ்ணனின் அம்பு பாய்ந்து இறந்தான் என்கிறது. கொன்றவன் யார் என்பதில் வேறுபாடு. போர்க்களத்தில் மாண்டான் என்பதில் பகைவர் இருவரும் ஒத்துப்போகிறார்கள். இந்த ஒற்றுமைக்குத்தான் மதிப்பு அதிகம், ஏனென்றால் ஒருவர் பார்த்து மற்றவர் எழுதியிருக்க வாய்ப்பில்லை.

மைப்படிக்கு ஒரு குறை: பொரிந்துபோன கல்லைத் தட்டினால் மேல்தோல் உதிரும். பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பு நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேனரால் பதிவு செய்வது அதற்கு நல்ல மாற்று. ஒளிக் கோடுகளைக் கல்லின்மேல் வீச, அவை வளையும் விதத்தைக் கேமரா பார்த்து ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் கணக்கிடும். பிறகு கணினியிலேயே எந்தக் கோணத்திலும் வெளிச்சம் பாய்ச்சிப் படிக்கலாம்.

பெங்களூரின் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டுகளுக்கும் இதே முறை பொருந்தும். ஆனால் ஸ்கேனர் அளப்பது மேற்பரப்பை மட்டுமே. பழைய எழுத்தின்மேல் சுண்ணாம்போ பெயின்ட்டோ பூசப்பட்டிருந்தால் அது பூச்சைத்தான் அளக்கும். மணலை வீசிச் சுவரைத் தேய்த்திருந்தால், அளப்பதற்கு அங்கே எழுத்தே மிஞ்சியிருக்காது.