காரில் கை வைக்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பதற்காகவும், கொடைக்கானல், போடிமெட்டு மலைப்பாதைகளில் வளைவுகளை அனுபவித்து ஓட்டுவதற்காகவும் காரின் இன்ஜினையும் சைலன்சரையும் சஸ்பென்ஷனையும் மாற்றிக்கொள்ளும் இளைஞர்கள் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பெருகியிருக்கிறார்கள். சட்டத்தை மீற வேண்டும் என்பது அவர்களில் பெரும்பாலோரின் நோக்கம் அன்று. எந்த மாற்றத்திற்கு அனுமதி தேவையில்லை, எதற்குத் தேவை, எதை யாருடைய அனுமதியாலும் சரிசெய்ய முடியாது என்று எடுத்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் "ஒன்னும் ஆகாது தம்பி, எல்லாரும் போட்டுட்டுத்தான் ஓட்டுறாங்க" என்கிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் "அதெல்லாம் முடியாதுங்க" என்கிறார்கள். இரண்டுமே வாய்ச்சொல். அதை நம்பி, விபத்துக்குப் பிறகு இழப்பீடும் கிடைக்காமல், கடன் தவணையையும் கட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

சட்டப் பின்னணி இவ்வளவுதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம் 182ஏ என்ற பிரிவை மாற்றி எழுதியது. அதன்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். "ஒவ்வொரு மாற்றத்திற்கும்" என்ற சொற்களைக் கவனியுங்கள். சைலன்சர், ஸ்பிரிங், ஸ்டீயரிங் என மூன்றை மாற்றியிருந்தால் மூன்று 5,000 ரூபாய்.

அனுமதி தேவைப்படாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓட்ட விரும்புகிறவர் முதலில் பணம் போட வேண்டிய இடங்களும் இவையே. அதே மாடலுக்குப் பொருந்தும் தரமான பிரேக் பேடு, புதிய பிரேக் ஆயில், தயாரிப்பாளர் அந்த மாடலுக்குக் குறிப்பிட்டிருக்கும் அளவில் நல்ல டயர், ஒழுங்கான வீல் அலைன்மென்ட் ஆகியவற்றுக்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும்; ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கித் தொடர்ந்து பிரேக் மிதித்து இறங்கும்போது பெடல் மெத்தென்று உள்ளே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டயர் அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் அது சாலைக்கு ஆகாது. தடத்தில் நன்றாகப் பிடிக்கிறது என்று அதே டயரில் வீட்டுக்குத் திரும்புவது ஆபத்து, குற்றமும்கூட.

எந்த அனுமதியாலும் சரியாகாத மாற்றங்களில்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர்க் குழாய் வைப்பது, சத்தத்தைக் கூட்டும் சைலன்சர் பொருத்துவது, ஆர்.சி.யில் உள்ளதை விடப் பெரிய இன்ஜினை இறக்குவது, பின் இருக்கைகளை எடுத்துவிட்டு ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு) அடிப்பது ஆகியவை இந்த வகை. இருக்கை எண்ணிக்கை, இன்ஜினின் கொள்ளளவு, குதிரைத்திறன் ஆகியவை பதிவு விவரங்களில் அடங்கியவை. ஈ.சி.யு. ரீமேப், அதாவது இன்ஜினை இயக்கும் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவதும் குதிரைத்திறனைக் கூட்டுவதால் இதற்குள்தான் வருகிறது. வெளியே தெரியாது என்பதால் அது அனுமதிக்கப்பட்டதாகிவிடாது. ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுச் சிறிய ஸ்டீயரிங் போடுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: அபராதத்தை விடுங்கள், மோதும்போது நெஞ்சைக் காப்பாற்ற சீட் பெல்ட்டைத் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை.

"இந்த சைலன்சருக்கு வெளிநாட்டுச் சான்று இருக்கு" என்று சொல்லி விற்கிறார்கள். ஐரோப்பிய முத்திரை இந்தியாவில் உங்கள் மாடலுக்கான ஒப்புதல் ஆகாது. இங்கே மாதிரி வண்டியைச் சோதித்து ஒப்புதல் தரும் முறை தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் உரியது. தனி ஆள் தன் காரைக் கொண்டுபோய் நிறுத்திச் சான்று வாங்கிவிடலாம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், காயில் ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் தொகுப்பு) ஆகியவற்றில் ஒவ்வோர் ஆய்வாளரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார். வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்பதே சட்டம் தரும் விளக்கம். அதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது அன்றைக்கு உங்கள் காரைப் பார்க்கிறவரின் கையில் இருக்கிறது. பாகங்களைப் பொருத்துவதையும் 182ஏ சேர்த்தே சொல்வதால், சந்தேகம் உங்களுக்குச் சாதகமாகத் தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள், எப்.சி. என்னும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் நாளில் அதே பாகத்தை இரட்டை விலைக்குத் தேடுகிறார்கள். பில்லோடு சேர்த்து வீட்டில் எடுத்து வையுங்கள்.

முறைப்படி கேட்டால் கிடைக்கக்கூடிய மாற்றங்களில் நிறமும், அதே வகை இன்ஜினால் பழைய இன்ஜினை மாற்றுவதும் அடங்கும். காரின் நிறத்தையே மறைக்கும் ஸ்டிக்கர் உறையையும் நிற மாற்றமாகவே கருதி நடந்துகொள்ளுங்கள். முன் அனுமதி இல்லாமல் மாற்றினால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. "முதல்ல மாத்திட்டு அப்புறம் சொல்லிக்கலாம்" என்று சொல்பவர்கள் அந்த வரியைத்தான் காட்டுகிறார்கள். அனுமதிக்கவே முடியாத மாற்றத்தை அந்த 14 நாள் அனுமதிக்கத்தக்கதாக ஆக்காது. பெயின்ட் அடித்த பிறகு விண்ணப்பம் மறுக்கப்பட்டால் இரண்டாவது முறை பெயின்ட் அடிக்கும் செலவும் உங்களுடையதே.

இனி அலுவலகத்தைப் பார்ப்போம். மதுரையில் டி.என்.58 தெற்கு, டி.என்.59 வடக்கு, டி.என்.64 மத்தி. நம்பர் பிளேட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அலுவலகத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. நீங்கள் இப்போது குடியிருக்கும் முகவரி எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த அலுவலகம்தான் உங்களுடையது. வில்லாபுரத்திலிருந்து புதூருக்கு வீடு மாறி, ஆர்.சி.யில் பழைய முகவரியே இருந்தால், ஒரு கவுன்ட்டரில் அங்கே போகச் சொல்வார்கள், அங்கே போனால் இங்கே போகச் சொல்வார்கள். முகவரி மாற்றத்தை 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 49ஆம் பிரிவு. அதை முதலில் முடித்துவிட்டு, அதன் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த விண்ணப்பத்தைப் போடுங்கள்.

இரண்டாவது தடை, அரசின் வாகனச் சேவை இணையதளமான பரிவாகனில் பதிவான கைபேசி எண். பழைய கார் வாங்கியவர்களுக்கு ஓ.டி.பி. முந்தைய உரிமையாளருக்குப் போகிறது. புதிய கார் வாங்கியவர்களில் சிலருக்கு ஷோரூம்காரர் எண்ணுக்குப் போகிறது. எண்ணைத் திருத்தாமல் விண்ணப்பம் நகராது. தரகர்கள் அதிகம் சம்பாதிப்பது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, கடன். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறியிருந்தால், அவர்கள் எழுத்துமூலம் ஒப்புதல் தராமல் நிற மாற்றத்திற்குக்கூட விண்ணப்பிக்க முயலாதீர்கள். கிளையில் "தலைமை அலுவலகத்தில் கேளுங்க" என்பார்கள். தலைமை அலுவலகத்தில் கிளையைக் கேட்கச் சொல்வார்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் மின்னஞ்சலில்தான் வேண்டும் என்று கேளுங்கள். கடன் முடிந்தும் வங்கியின் பெயரை நீக்காமல் விட்டவர்களும் இதே சிக்கலில்தான் மாட்டுகிறார்கள்.

ஆய்வுக்குக் கார் கொண்டுபோகும் நாளில் மோட்டார் வாகன ஆய்வாளர் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார். துரு ஏறியோ, அண்டர்கோட் என்னும் துருத் தடுப்புப் பூச்சு பூசியோ எண் மறைந்திருந்தால் அன்றைய நாள் வீண். முந்தைய நாளே அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போங்கள்; உலோகத்தை உரசும் காகிதத்தால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள், எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: வாய்வழியாகச் சொன்ன "முடியாது" என்பதை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள். 52ஆம் பிரிவின்கீழ் பதிவு அதிகாரி தரும் உத்தரவை எதிர்த்து, அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யும் உரிமையை 57ஆம் பிரிவு தருகிறது. உத்தரவே எழுதப்படாவிட்டால் எதை வைத்து மேல்முறையீடு செய்வீர்கள்? "நாளைக்கு வாங்க" என்று நாட்களைக் கடத்துவது அந்த உரிமையையே பறிக்கிறது. விண்ணப்பத்தின் நகலில் தபால் பிரிவு முத்திரை வாங்குங்கள். போட மறுத்தால் சேர்த்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், என் விண்ணப்பம் இன்று யாருடைய மேசையில் இருக்கிறது, மறுத்திருந்தால் எந்த விதியின்படி என்று கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அங்கே தரும் மனு எண்ணுக்கு ஏதாவது பதில் எழுதியே ஆக வேண்டியிருப்பதால், நின்றுபோன கோப்பு சில நேரம் அதனால் நகர்கிறது.

பெங்களூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று விற்பவர் சொல்வார். வண்டி உங்கள் பெயருக்கு வந்த பிறகு, சாலையில் நிறுத்துகிற அதிகாரி உங்களைத்தான் கேட்பார். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கும் வெளிமாநில வண்டிக்குத் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அதற்கான ஆய்வில்தான் இன்ஜின் எண் ஒத்துவராதது வெளிப்படுகிறது. முன்பணம் கொடுக்கும் முன், நீங்களே குனிந்து இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாலையில் பிடிபட்டால் இ-சலானில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள். சத்தம், புகை ஆகியவற்றுக்கான 190(2) பிரிவில் முதல் முறையிலேயே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்க இடம் உண்டு; அதோடு ஓட்டுநர் உரிமத்திற்கு 3 மாதத் தகுதியிழப்பும் சேர்ந்து வரும். கார் ஓட்டித்தான் பிழைப்பு என்றிருப்பவருக்கு அபராதத்தைவிட இதுவே பெரிய அடி. அதிகாலையில் ரிங் ரோட்டிலோ நத்தம் சாலைப் பறக்கும் பாலத்திலோ ஆள் இல்லை என்று போட்டி போட்டு ஓட்டுவது 189ஆம் பிரிவில் தனிக் குற்றம். பொதுமக்கள் போக உரிமையுள்ள இடம் எந்த நேரத்திலும் பொது இடம்தான். வேகம் பார்க்க வேண்டுமானால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கிறது. அங்கே போட்டியில் கலந்துகொள்ள இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். சாலைக்கு ஆகாத நிலையில் உள்ள காரை அங்கே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

தடத்தில் நடக்கும் சேதத்திற்கு உங்கள் சாதாரண பாலிசி பணம் தராது. ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தினால் காப்பீடு இல்லை என்று பாலிசியின் பயன்பாட்டு வரம்புகளில் அச்சிட்டிருக்கிறது. பலர் அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை.

சாலையில் நடந்த விபத்திலும் சிக்கல் வருகிறது. திருமங்கலம் பக்கத்து இளைஞர் ஒருவரின் நின்றிருந்த காரைப் பின்னால் வந்த லாரி இடித்தது. காப்பீட்டு நிறுவனத்தின் சேத மதிப்பீட்டாளரான சர்வேயர் வந்து, நசுங்கிய டிக்கியைப் பார்த்ததைவிட, தரையில் படுத்து டார்ச் அடித்து சைலன்சரைப் படம் எடுத்ததுதான் அதிக நேரம். அறிவிக்காத மாற்றம் என்று ஒரே வரியில் முழு கோரிக்கையையும் மறுத்தார்கள். நின்ற காரை லாரி இடித்ததற்கும் சைலன்சருக்கும் என்ன தொடர்பு என்று கேட்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கடிதத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும், மீறல் அடிப்படையானதாக இல்லாதபோது கோரிக்கையை அடியோடு தள்ளாமல் ஒரு பகுதியை வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லியிருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்தால், மாற்றத்திற்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டச் சொல்லி முதலில் நிறுவனத்துக்கே எழுத்துமூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) புகார் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. அல்லது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்குப் போடலாம். ஒரே விவகாரத்தை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது என்பதால், எங்கே போவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மறுப்புக் கடிதம் வந்த உறையைத் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள்.