எடை ஏறுவது தெரிகிறது, அடுத்து என்ன?

இதயச் செயலிழப்பு (இதயம் போதுமான ரத்தத்தை வெளித்தள்ள முடியாத நிலை) உள்ள ஒருவர் தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறார். 61.2, 61.9, 62.8, 63.6. ஒரு நாள்கூட விடவில்லை. ஐந்தாம் நாள் மூச்சு முட்டி மருத்துவமனைக்கு வருகிறார். ‘அறிவுரையைப் பின்பற்றவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது சுலபம். ஆனால் சொன்னதை அவர் செய்திருக்கிறார். அறுந்தது வேறொரு கண்ணி. அது எது என்று தேடுவதற்குத்தான் செவிலியர் கோட்பாடு உதவுகிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் விஷயமல்ல அது.

அமெரிக்கச் செவிலியர் டோரத்தியா ஓரெம் 1971இல் நூலாக வெளியிட்ட சுயபராமரிப்புக் கோட்பாட்டின் சாரம் எளிது. ஒருவருடைய உடலுக்குத் தேவைப்படும் கவனிப்பு, அவரால் செய்துகொள்ள முடிவதைத் தாண்டும்போது ஒரு பள்ளம் விழுகிறது. செவிலியர் நிரப்ப வேண்டியது அந்தப் பள்ளத்தை மட்டுமே. மூச்சுத்திணறலோடு வந்த முதல் நாள் எல்லாமே செவிலியர் பொறுப்பு: ஆக்சிஜன், நீரைப் பிரியச் செய்யும் ஃப்யூரோசமைடு ஊசி, சிறுநீர் அளவு. பிறகு பாதி அவர், பாதி நாம். வீடு திரும்பும்போது கற்றுக்கொடுத்துத் துணைநிற்பது மட்டும். நடைமுறையில் இந்த நடுக்கட்டம்தான் காணாமல்போகிறது. டிஸ்சார்ஜ் அன்று காலைவரை செவிலியரே எடை பார்த்து எழுதுகிறார். அன்று மாலை அந்த வேலை முழுவதும் நோயாளியின் தலையில் விழுகிறது. மூச்சு சீரானதுமே எடை மேடையில் ஏறி, எண்ணைப் படித்து, நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்வது அவருடைய வேலையாகிவிட வேண்டும்.

ஓரெம் சொன்னது எல்லா நோய்களுக்கும் பொது. செவிலியர் ஆய்வாளர்கள் பார்பரா ரீகலும் விக்டோரியா டிக்சனும் 2008இல் இதயச் செயலிழப்புக்கென்றே ஒரு கோட்பாட்டை வகுத்தார்கள். இன்று அது மூன்று செயல்களாகப் பேசப்படுகிறது: அன்றாடப் பேணல், அறிகுறியை உணர்தல், உணர்ந்ததற்கு ஏற்பச் செயல்படுதல்.

அன்றாடப் பேணலில் எடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இதயம் வெளித்தள்ளும் ரத்தம் குறைந்தால், உடலில் நீர் வற்றிவிட்டதாகச் சிறுநீரகம் தவறாக எடுத்துக்கொள்கிறது. ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் வரிசையாகத் தூண்டப்பட்டு உப்பும் நீரும் உடலிலேயே தங்குகின்றன. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கணுக்காலை அழுத்தினால் குழி விழும் அளவுக்கு வீங்குவதற்குள் சில லிட்டர் சேர்ந்திருக்கும்; தராசு அதற்கு முன்பே காட்டிவிடும். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், அதே தராசில், கெட்டியான தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். பாயின் மேல் வைத்த தராசு பொய் சொல்லும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே தகவல் தர வேண்டும். எடை ஏறாததாலேயே நிம்மதி அடையவும் முடியாது: பசியின்றிச் சதை கரையும்போது, சேரும் நீர் அதற்குள் மறைந்துகொள்ளும்.

உணர்தலில் உள்ள சிக்கல் இன்னும் நுட்பமானது. மூச்சிரைப்பு மெல்ல மெல்லக் கூடும்போது, மனிதர்கள் தங்களுக்கே தெரியாமல் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். ‘மூச்சு வாங்குகிறதா?’ என்றால் ‘இல்லை’ என்பார்கள். உண்மைதான், மாடி ஏறுவதையே விட்டிருப்பார்கள். ‘போன மாதம் செய்த எதை இப்போது செய்வதில்லை?’, ‘எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?’, ‘குனிந்து செருப்பு மாட்டும்போது மூச்சு முட்டுகிறதா?’ என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

நோட்டு எழுதியவருக்கு அறுந்தது மூன்றாவது கண்ணி, செயல்படுதல். எண் தெரிந்தது, அந்த எண்ணை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அல்லது தெரிந்தும் ‘இதற்கெல்லாம் போன் செய்து தொந்தரவு செய்யலாமா’ என்று தயங்கினார். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. முன்னதற்கு, எந்த எண்ணில் யாரை அழைப்பது, நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டலாமா, எத்தனை நாளுக்கு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த திட்டம் வேண்டும். பின்னதற்கு, ‘அழைக்கத்தான் இந்த எண்’ என்று செவிலியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நீர் பிரியும் மாத்திரையை விடுவதற்கும் பெரும்பாலும் காரணம் இருக்கும். இரண்டாம் வேளையை இரவில் போட்டால் தூக்கம் கெடும். மதியம் 2 மணிக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பயணத்தன்று விடுகிறார் என்றால், விடச் சொல்லாமல் நேரத்தைத் தள்ளிப்போட வழி கேட்கலாம். மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போடும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நீரைத் தேக்கும். சாதா உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் கலந்த ‘மாற்று உப்பு’, இதயச் செயலிழப்புக்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையோடு சேர்ந்தால் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும்.

‘புரிந்ததா?’ என்ற கேள்விக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘மூன்று நாளில் 2 கிலோ கூடினால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ஞாபகம் தடுமாறுபவரிடம் இது பலிக்காது. அங்கே பள்ளத்தை நிரப்பப்போவது உடனிருப்பவர். அதே கேள்வியை அவரிடம் கேட்க வேண்டும்.

நோட்டிலும் ஒரு மாற்றம் போதும்: எடைக்குப் பக்கத்தில் ‘என்ன செய்தேன்’ என்று இன்னொரு கட்டம்.